சகலனின் இடது கண்

என் மனைவியின் தங்கையைக் கட்டிய சகலனுக்கு இடது புருவத்துக்குள் ஒரு செல் துண்டு, எறிகணைச் சிதறல், இருக்கிறது. கடைசிச் சண்டையில் வந்து குடியேறியது. அரிசியளவுதான். ஆனால் கலியாணவீடோ செத்தவீடோ, சனம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போகும். அதே சண்டைக்குள் நானும்தான் கிடந்தேன். பதுங்குகுழிக்குள் தவறி விழுந்து முழங்காலில் ஒரு உரசல். அதுவும் தடமில்லாமல் ஆறிவிட்டது. என் முழங்காலை ஒருவரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

போன வருசம் அவர் உருத்திரபுரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து என் கேற்றின் இடது தூணில் மோதினார். அடுத்த முறை வந்தபோதும் அதே தூண்.

"அண்ணை, இடப்பக்கம் கறுப்புச் சீலை தொங்கவிட்ட மாதிரிக் கிடக்கு. இடைக்கிடை மின்னுது. நோவு ஒண்டுமில்லை."

"துண்டு அசையுது தம்பி," என்றா எங்கள் இருவருக்கும் பொதுவான மாமி. "மாரியில இரும்பு குளிருமெல்லே."

எங்கள் பக்கத்தில் உடம்புக்குள் இரும்பு உள்ளவருக்குத் தடிமன், தும்மல் வந்தாலும் பழி இரும்புக்குத்தான். என் மனைவி எண்ணெய் சூடாக்கக் குசினிக்கு ஓடினா. எனக்குத் தலையிடி வந்தால், பனடோல் அலுமாரிக்குள் இருக்கிறது என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லுகிறவ.

எனக்குப் பொறுக்கவில்லை. வெறும் கண்புரைதான் என்று ஒரு டொக்டரின் வாயால் சொல்வித்து, அந்தத் துண்டின் புகழைக் கொஞ்சம் இறக்கவேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு அவரை வவுனியாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கண் டொக்டர் மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்து நெடுநேரம் பார்த்தா. பிறகு மூடிய இமையில் கருவியை வைத்து ஸ்கான் எடுத்தா.

"இது துண்டால வந்ததில்லை."

நான் நிமிர்ந்து இருந்தேன்.

"கண்ணுக்குள்ள பின்பக்கம் கறுப்பாய் ஒரு கட்டி. மெலனோமா எண்ட புற்றுநோயாய் இருக்கவேணும். மச்சத்துக்கு நிறம் குடுக்கிற உயிர்க்கலங்கள் கண்ணுக்குள்ளயும் இருக்கு. அதில வாறது."

வாதத்தில் வென்றது நான்தான். கொழும்புக்கு எழுதித்தந்த கடிதத்தையும் நான்தான் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

கொழும்பிலும் அதையே சொன்னார்கள். சிறிதாக இருந்தால் கதிர்வீச்சுக் கொடுத்துக் கண்ணைக் காப்பாற்றிப் பார்க்கலாம்; இது பெருத்துவிட்டது, கண்ணை எடுக்கவேண்டும். காந்த ஸ்கானுக்கு அனுப்பப் பார்த்து, இரும்பு இருப்பதால் கூடாதென்று வேறு ஸ்கான் எடுத்தார்கள். அங்கேயும் துண்டுக்குத் தனி மரியாதை.

கண்ணை எடுத்த பிறகும் பயம் விடவில்லை. இந்த நோய் ஈரலில் போய்க் குந்துமாம், தொடர்ந்து பார்க்கவேண்டும். முதல் ஸ்கான் முடிவுக்காக ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்தபோது அவர் சொன்னார்:

"நீங்கள் இழுத்துக்கொண்டு வராட்டி நான் எண்ணெய் பூசிக்கொண்டுதான் இருந்திருப்பன், அண்ணை."

அந்தப் பெருந்தன்மையிலும் எனக்குப் பொறாமைதான். நானென்றால் சொல்லியிருக்கமாட்டேன்.

"துண்டையும் எடுத்திட்டினமோ?" என்று கேட்டேன்.

"இல்லை. அது தன்ரபாட்டுக்கு இருக்கட்டுமாம்."

ஈரலில் இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். வெளியே வந்து பிளேன்ரீ குடித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் மேசனைப் பிடித்து இடது தூணை உடைப்பித்துக் கேற்றை அகலமாக்கினேன். ஏனென்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

போன ஞாயிறு அவர் செயற்கைக் கண்ணோடு வந்தார். மாமி மீன்தலையை அவருடைய சோற்றுக் கோப்பையில் வைத்தா. அக்கம்பக்கத்துச் சனம் வந்து துண்டைத் தொட்டுப் பார்த்தது, பிறகு புதுக்கண்ணையும் பார்த்தது. போகும்போது சகலன் தூண் இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, முழுத் தலையையும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் அகட்டியிருக்கலாம், அண்ணை. எங்கட கேற்றுக்குள்ளால லொறியே போகும்."