அன்று மாலை வாங்கிய டிரம்

தேவராஜ் அண்ணன் இறந்த செய்தி நம் மீன் வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. யாரோ தன் மீன் தொட்டியின் படத்தைப் போட்டிருந்தார். அதற்குக் கீழே அண்ணன் மகனின் ஒற்றை வரி. மாரடைப்பு. பிறகு வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். நானும் ஒன்று போட்டேன்.

அவரை நன்றாக அறிந்தவன் என்று குழுவில் அஞ்சலி எழுத என்னைச் சொன்னீர்கள். சரி.

சேவூரில் சாயப்பட்டறை வைத்திருந்தார். ஆரணியில் கடல் மீன் வளர்த்தவர்களில் அவர் முதல் ஆள், நான் இரண்டாவது. கடல் இங்கிருந்து வெகு தூரம். அதை நாமே கலக்கிக்கொள்ள வேண்டும். வடிகட்டிய தண்ணீரில் கடலுப்புத் தூளைக் கரைத்து, சிறு மோட்டாரால் சுழலவிட்டு, மூடிவைத்து, வாராவாரம் தொட்டியில் கொஞ்சம் மாற்ற வேண்டும். "முன்னாடியே கலக்கி வெச்சிக்கினு இருக்கறவன்தான் நிம்மதியா தூங்குவான்" என்பார்.

சேமித்துவைக்க டிரம் கேட்டேன். பட்டறையிலிருந்து நீல டிரம் ஒன்றை அவரே வண்டியில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். இந்த ஊரில் பாதி வீடுகள் தண்ணீர் பிடிப்பது பட்டறைகளின் காலி டிரம்மில்தான். ஆனாலும் தலையை உள்ளே விட்டு முகர்ந்தேன்.

"சாயம் இருந்ததாண்ணா?"

"இன்னாப்பா, சம்பந்தி வீட்டு சாம்பார் மாதிரி மோந்துகினு கீற. மூணு தடவ கழுவியாச்சு. என் தண்ணியும் இதே மாதிரி டிரம்லதான் கீது."

அதில் உப்புத் தண்ணீர் கலக்கி ஒரு வாரம் சுழலவிட்டேன். தெளிவான தண்ணீர். காலையில் தொட்டியில் ஊற்றினேன். மதியத்துக்குள் ஏழு மீன்களும் செத்து மிதந்தன.

டிரம்மாக இருக்குமோ என்று அப்போதே குழுவில் கேட்டேன். மறுநாள் காலை அவருடைய குரல்பதிவு வந்தது. "டிரம்ம சொல்லாத தம்பி. எம்.ஏ. படிச்சவனுக்கு உப்பு அளக்கத் தெரியல. கொழம்பு கரிச்சா அடுப்பயா திட்டுவாங்க?"

நீங்கள் சிரித்தீர்கள். நானும்.

நம்பினேன். அதுதான் கேவலம். மூன்று வருடம் என் கையைச் சந்தேகித்தேன். காப்பிக்குச் சர்க்கரை போடும்போதுகூட. தொட்டியைத் தெரிந்தவருக்குக் கொடுத்துவிட்டேன்.

கருமாதிக்குப் போனபோது அண்ணி மாடிக்கு அழைத்துச் சென்றார். தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள். பக்கத்தில் வெள்ளை டிரம். உணவுப்பொருள் வைக்கும் வகை, புதிதாக வாங்கியது. அவர் கடைசியாகக் கலக்கிய தண்ணீர் அதில் சுழன்றுகொண்டிருந்தது.

"இது எப்ப வாங்கினாரு அண்ணி?"

"உங்க மீனுங்க செத்துச்சே, அன்னிக்கு சாயந்தரம். பழைய நீல டிரம்ம வெளிய உருட்டி விட்டுட்டு, ஜல்தியா போயி வாங்கினு வந்தாரு. அவனுது போன மாதிரி நம்மளுதும் போயிடும்னாரு."

அன்று மாலை. குரல்பதிவு வந்ததற்கு முந்தைய மாலை.

அவருக்குத் தெரிந்திருந்தது. தன் மீன்களைக் காப்பாற்றிக்கொண்டு, பிறகுதான் என்னைக் கேலி பேசினார்.

குரல்பதிவு பற்றி அண்ணிக்கு எதுவும் தெரியாது. "மீன பாத்துக்க இங்க ஆளில்ல. நீங்களே எடுத்துக்கினு போங்க. அவரப் பத்தி எழுதப் போறீங்களாமே. நல்லபடியா எழுதுங்க."

"நடந்தத எழுதறேன் அண்ணி."

மீன்கள், தொட்டியோடும் டிரம்மோடும், இப்போது என் வீட்டில். தண்ணீர் மாற்றாமல் விட்டுவிடலாமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். மாற்றினேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது: இரண்டு மீன்கள், ஒரு வெள்ளை டிரம், அது வாங்கப்பட்ட நாள். குழுவுக்குப் புதிதாக வருகிறவர் தண்ணீரை எதில் சேமிப்பது என்று கேட்டால் இனி நான்தான் பதில் சொல்வேன். ஒவ்வொரு முறையும், அவர் பெயரைச் சொல்லி.