கையுயர்த்தித் தீர்மானித்த பாலைவனம்

“உலகின் மிகப் பெரிய பாலைவனம் சகாரா எனப் பெரும்பான்மையால் தீர்மானிக்கப்பட்டது.” திருகோணமலையில் நான் உறுப்பினனாயிருந்த வாசிகசாலைச் சங்கத்தின் கூட்டக் குறிப்பு இது. 1966 ஆகஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூமியின் பரப்பைக் கையுயர்த்தி அளந்த வேறொரு சபையை நான் எங்கும் வாசித்ததில்லை.

அன்று பொது அறிவுப் போட்டி. பரிசு ஒரு பெரிய உலக அட்லஸ். கடைசிக் கேள்விக்கு இருவர் சமமாக நின்றார்கள். ஒருவர் சுங்கக் கந்தோர் எழுதுவினைஞர். மற்றவர் மூதூரிலிருந்து லாஞ்சுப் படகில் வந்த ஆசிரியை. அவருடைய பள்ளிக்கூடத்தில் இலங்கைப் படம் ஒன்றைத் தவிர வேறு படமே இல்லை என்பதை வந்தவுடனேயே சொல்லியிருந்தார். அட்லஸுக்காகத்தான் வந்தார், புகழுக்காக அல்ல.

மிகப் பெரிய பாலைவனம் எது என்று கேட்டார்கள். எழுதுவினைஞர் சகாரா என்றார். ஆசிரியை அந்தாட்டிக்கா என்றார். சபை சிரித்தது. அவர் சிரிப்பு அடங்கும்வரை நின்று விளக்கினார்: பாலைவனம் என்பது மழையும் பனியும் மிகக் குறைவாக விழும் நிலம், சகாரா வெப்பப் பாலைவனங்களில் பெரியது, கோபி குளிர்ப் பாலைவனம், அற்றகாமா கடலோரத்திலேயே கிடந்து காய்வது, துருவப் பாலைவனங்கள் இவை எல்லாவற்றையும்விடப் பெரியவை.

சங்கத் தலைவர் துறைமுகக் கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறியவர். கப்பலில் ஒருமுறை சீமைக்குப் போய் வந்திருந்தார். வழியில் சூயஸ் கால்வாய்க் கரையை ஒரு முற்பகல் பார்த்ததுதான் அவர் படித்த புவியியல் முழுவதும்.

“நான் சூயஸால போனனான். சகாராவைக் கண்ணால கண்டனான். நீங்கள் தென்துருவத்தைக் கண்டனீங்களோ, டீச்சர்?”

“இல்லை ஐயா. ஆனால் மணல்தான் கணக்கெண்டால் உப்புவெளிக் கடற்கரையையும் சேர்க்க வேணும்.”

பின்வரிசையில் ஒருவர் மட்டும் சிரித்தார். தலைவரின் முகத்தைக் கண்டதும் அவரும் நிறுத்திக்கொண்டார்.

அட்லஸ் மேசையிலேயே இருந்தது, வண்ணத்தாள் சுற்றி, நாடா கட்டி. மழைவீழ்ச்சிப் படத்தைப் புரட்டினால் விஷயம் முடிந்துவிடும் என்று நான் எழுந்து சொன்னேன்.

“பரிசுப் பார்சலைப் பிரதம விருந்தினர் குடுக்க முன்னம் பிரிக்க ஏலாது,” என்றார் தலைவர். “அவருக்கு அது மரியாதையில்லை.”

பிரதம விருந்தினர் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். தம் மரியாதை காப்பாற்றப்பட்டதில் திருப்திப்பட்டுத் தலையாட்டினார். உண்மை கைக்கெட்டும் தூரத்தில் நாடா கட்டிக் கிடக்க, படித்தவர்கள் என்று பெயரெடுத்த அந்தக் கூட்டம் வாக்கெடுப்புக்குப் போயிற்று. ஆசிரியைக்காகக் கையுயர்த்தியவர்கள் நானும் பின்வரிசைக்காரரும் மட்டுமே. எழுதுவினைஞர் கூடச் சகாராவுக்குத் தயங்கித்தான் கையுயர்த்தினார், ஆனாலும் உயர்த்தினார்.

ஆசிரியை பரிசளிப்பைப் பார்க்க நிற்கவில்லை. கடைசி லாஞ்சைப் பிடிக்க வேண்டும் என்றார். கேக்கும் தேநீரும் வந்தபோது அவரைப் பற்றிய கதையே எழவில்லை. தலைவர் சூயஸைப் பற்றி மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு மூதூர் வியாபாரி ஒருவர் ஒரு செய்தி சொன்னார். ஆசிரியை வேட்டித் துணியில் உலகப் படமொன்றைத் தாமே வரைந்து வகுப்பில் தொங்கவிட்டிருக்கிறாராம். அதில் தென்துருவத்துக்கும் சகாராவுக்கும் ஒரே மஞ்சள் நிறமாம். வியாபாரி அதை நேரில் பார்த்தவரல்லர். நானும் போய்ப் பார்க்கவில்லை. ஆகவே இச்செய்தி இன்றுவரை உறுதிப்படுத்தப்படாதது.