அக்கா துடைத்த படகு

தொண்ணூறுகளில் ஒரு கோடையில், அப்டன் பார்க் கடையில் ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு, நானும் மனைவியும் லண்டனிலிருந்து நோர்வேயிலிருந்த அக்காவிடம் போனோம். பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்த இடத்தை அங்கே ஃபியோர்ட் என்பார்கள். அதைச் சுற்றிக்காட்டும் படகொன்றில் அக்கா ஆறு வருடமாகத் துப்புரவு வேலை செய்தார்.

“பாக்க வடிவோ அக்கா?” என்று கேட்டேன்.

“எனக்கென்ன தெரியும்? படகு திரும்பி வந்த பிறகுதானே நான் ஏறுறனான்.”

அடுத்த நாள் மூவரும் டிக்கெட் எடுத்து ஏறினோம். இரண்டு பக்கமும் கரும்பாறை மலைகள் தண்ணீரிலிருந்து நேரே எழும்பி நின்றன. எல்லோரும் படம் எடுத்தார்கள். அக்கா மட்டும் கீழ்த்தளத்தில், இருக்கைகளுக்கிடையே கிடந்த காகிதக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

“மச்சாள், இண்டைக்கு நீங்கள் வேலைக்கு வரேல்லை. மேல வாங்கோ.”

மேல்தளத்துக்குப் போனபோது படகு ஓர் அருவியை ஒட்டிச் சென்றது. தூறல் எங்கள் முகத்தில் அடித்தது. அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

“ஒவ்வொரு நாளும் யன்னலில இந்தப் புள்ளியளைத்தான் துடைக்கிறனான். மழையெண்டெல்லோ நினைச்சன்!”

கரை வரும்வரை அவர் கீழே இறங்கவில்லை. கட்டிக்கொண்டு போன புட்டையும் மேலேயே கொண்டுபோய்க் கொடுத்தோம்.