நிர்வாகம்னா யாரு?

ஜாகா வேலையில, அதாங்க வாச்மேன் வேலையில, கேட்டத் தொறந்து மூடறது கொஞ்ச நேரந்தாங்க, மத்த நேரமெல்லாம் மேல இருக்கறவங்க செஞ்சதுக்குக் கீழ நின்னு திட்டு வாங்கணும். நீங்களும் எங்கயாச்சும் கேட்டுலயோ கவுண்டர்லயோ நிக்கிற ஆளா இருந்தா ஒங்களுக்கே தெரியும்.

நோட்டீஸ்

எங்க பிஸ்கட் ஃபேக்டரி சுவத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டச் சொன்னாங்க. 'அடுத்த மாதம் முதல் செமிலிங் பஸ் நிறுத்தப்படும். இப்படிக்கு, நிர்வாகம்.' செமிலிங் பக்கத்துலேருந்து வேலைக்கு ஆளுங்கள ஏத்திட்டு வர்ற கம்பெனி பஸ்ஸு அது. பசை கூட காயல, பேக்கிங்ல வேல செய்ற சரோஜா வந்து நின்னுடுச்சு. மோட்டர் சைக்கிள் ஓட்டத் தெரியாது, லைசனும் கெடையாது. பஸ்ஸு இல்லன்னா அதுக்கு வேலையே இல்ல. கூட வர்ற பொம்பளைங்களுக்கும் அதே கததான்.

"யாருண்ணே இந்த நிர்வாகம்?"ன்னுச்சு. எனக்கென்ன தெரியும்? மேல கையக் காட்டுனேன். மேல ஃபேன்தான் சுத்துது. எஸ்டேட்ல பொறந்து வளந்த புள்ள, விடுமா? "எங்க எஸ்டேட்ல தொரைன்னா ஒரே ஆளு, ஜீப்புல வருவாரு. கும்புட்டும் கேக்கலாம், மறிச்சும் கேக்கலாம். இந்த ஆள எங்கண்ணே போயி மறிக்கிறது?"

தேடிப் போனோம்

பசியாற நேரத்துல நானும் கூடப் போனேன். சுப்பர்வைசர் தலையச் சொறிஞ்சாரு: "நானா சொன்னேன்? மேனேஜ்மெண்ட் சொல்லிருச்சுலா." ஆபீஸ்ல கண்ணாடி போட்ட மிஸ், பூனைக்குட்டி மாதிரி சன்னமா, "நாங்க வெறும் ஸ்டாஃப்புண்ணே... மேனேஜ்மெண்ட் முடிவு." இத நடிச்சுக் காட்டியே கேண்டின்ல ரெண்டு நாளு ஓசி தே தாரிக் குடிச்சேன்.

கடைசியா மேனேஜர் ரூம். பேரு குணா, அலோர் ஸ்டார்காரரு, தொப்பைக்கு மேல டை. கதவுல மேனேஜர்னு போர்டே தொங்குது. சரோஜா கையக் கூப்பி, "சார், நீங்கதானே நிர்வாகம்?"ன்னுச்சு. மனுசன் போலீஸப் பாத்த மாதிரி நாற்காலியப் பின்னால தள்ளுனாரு. "ஐயோ, நான் வெறும் மேனேஜர்தாம்மா, மேனேஜ்மெண்ட் நான் இல்லலா!"

ஒரே மாலை

அந்த மாசமே கேண்டின்ல பொங்கல் விழா. கமிட்டி லிஸ்ட்ல 'நிர்வாகத்துக்கு மாலை'ன்னு இருந்துச்சு. ஒரு ஆளுதானேன்னு நானும் ஒரே மாலதான் வாங்கியாந்தேன். போடறது சரோஜா. மைக்குல "நிர்வாகத்தினரை மேடைக்கு அழைக்கிறோம்"னதும், பாக்கணுமே, அஞ்சு பேரு எழுந்திரிச்சு, சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு மேடையேறி வரிசையா நிக்கிறாங்க. மொத ஆளு குணா சார், கழுத்த நீட்டிக்கிட்டு. சுப்பர்வைசரும் இருக்காரு. கண்ணாடி மிஸ்ஸும் இருக்கு!

எனக்கு வேர்த்துருச்சு. மால ஒண்ணு, கழுத்து அஞ்சு. சரோஜா மாலைய நெஞ்சோட அணைச்சுப் புடிச்சுக்கிட்டே மைக்க வாங்குச்சு. கீழ எல்லார் கையிலயும் ஹேண்ட்போன் ரெக்கார்டிங் ஓடுது. "நிர்வாகம் இன்னிக்குத்தான் ஆளா வந்து நிக்குது. மால அப்பறம். செமிலிங் பஸ்ஸு ஓடுமா, ஓடாதா? இங்கயே சொல்லிட்டு எறங்குங்க!"

மறுநாளே 'பஸ் தொடர்ந்து ஓடும்'னு புது நோட்டீஸ் ஒட்டுனேங்க. நிறுத்தறப்ப பேரே இல்லாம இருந்த நிர்வாகம், ஓட்டறப்ப மட்டும் குணான்னு கொட்டை எழுத்துல கையெழுத்துப் போட்டிருந்துச்சு.