மூன்றாவது படம்

நேற்று அட்டனில் கரண்ட் போனது. துணிக்கடைக்காரர் பின்னறையில் ஜெனரேட்டரைப் போட்டார். அந்தப் புகைவாடை பட்டதும் எண்பதுகளின் எங்கள் பூண்டுலோயா தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் போய்விட்டேன்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த லயத்து வீடுகளில் அப்போது கரண்ட் இல்லை. தீபாவளிக்கு டவுனிலிருந்து டிவி, வீடியோ டெக், ஜெனரேட்டர் மூன்றும் வாடகைக்கு வரும். மாமா வீட்டில் விடிய விடிய மூன்று படம். மூன்றாவது எந்த வருஷமும் அதே பேய்ப்படம்தான். பேய் வாய் திறக்குமுன் நாங்கள் வசனத்தைச் சொல்லிவிடுவோம். அதில் என் அக்காவை மிஞ்ச ஆள் இல்லை.

அந்த வருஷம் அவளுக்குக் காய்ச்சல். "நீ போய்ப் பாரு. காலையில ஒண்ணு விடாம சொல்லணும்" என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். மழை வந்ததால் ஜெனரேட்டரை எங்கள் வீட்டை ஒட்டிய காலி வீட்டுக் காம்பராவுக்குள் வைத்தார்கள். பேய்ப்படம் தொடங்கியதும், வசனம் கேட்கவில்லை என்று கூட்டம் முணுமுணுத்தது.

"பாப்பா, அந்தக் கதவச் சாத்திட்டு வா" என்றார் மாமா.

ஓடிப்போய்க் காம்பராக் கதவைச் சாத்தினேன்.

லயத்தில் நடுச்சுவர் கூரை வரை எட்டாது. பக்கத்து வீட்டுக் குழம்பு வாசம்கூட மேலால் வந்துவிடும். அன்று அந்த வழியாகப் புகை போனது.

விடிந்ததும் அக்காவிடம் ஓடி, பேயின் வசனத்தில் கதையை ஆரம்பித்தேன். அவள் எழவே இல்லை.

"சத்தமா இருக்குதுங்களா? கதவச் சாத்திரவா?" என்றார் துணிக்கடைக்காரர்.

"வேணாங்க. தெறந்தே இருக்கட்டும்."