ஐந்தாவது வாங்கு

எங்கள் பூங்காவில் மூன்று கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலாவது பூங்காவைத் திறந்துவைத்ததற்கு. இரண்டாவது அதைப் புனரமைத்ததற்கு. மூன்றாவது புனரமைப்பின் இரண்டாம் கட்டத்துக்கு. இரண்டாம் கட்டம் என்பது அந்தக் கல்வெட்டுத்தான். வேறெதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. மூன்றின் எழுத்துகளுக்கும் வருடந்தவறாமல் பொன்வண்ணம் பூசுகிறார்கள். ஊஞ்சல்களில் சங்கிலி மட்டும் தொங்குகிறது. சறுக்குமரத்தின் நடுவே தகரம் கிழிந்திருப்பதால் பிள்ளைகள் பாதிவரை சறுக்கி, அங்கிருந்து குதிக்கப் பழகிக்கொண்டார்கள். நீரூற்று வேலை செய்வதில்லை, ஆனால் தொட்டியில் நீர் இருக்கிறது. டெங்குக் காலத்தில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் எச்சரிக்கை அறிவித்தல் கொடுக்கப் போகிறவர்கள் அந்தத் தொட்டியைக் கடந்துதான் போகிறார்கள். பூங்காவுக்குப் பொறுப்பான பிரதேச சபை தனக்குத் தானே அறிவித்தல் கொடுத்துக்கொள்ள ஏற்பாடு எதுவும் இல்லை.

எனக்கு இது நிச்சயமாகத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சபையில் வேலைசெய்து, இலிகிதராகத் தொடங்கி நிருவாக உத்தியோகத்தராக ஓய்வுபெற்றவன் நான். எந்தச் சபை என்று எழுதப்போவதில்லை. கண்டியைச் சுற்றியுள்ள ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி ஆசிரியை. கடுகண்ணாவைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பித்து, பாதி ஆயுளை ரயிலில் கழித்தவள். ஓய்வுபெற்ற மறுவருடமே இருதயம் பலவீனமாக இருக்கிறது என்றார்கள். வைத்தியர் சொன்னது மூன்று விடயங்கள்தான். தினமும் நடக்க வேண்டும். ஏற்றம் ஏறக் கூடாது. மூச்சு முட்டினால் உடனே உட்கார வேண்டும். கண்டியில் இருப்பவர்களுக்கு இதன் கஷ்டம் விளங்கும். எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஒரு பக்கம் போனால் ஏற்றம். மறுபக்கம் போனால் இறக்கம், அதாவது திரும்பும்போது ஏற்றம். சமதரை என்று இருந்தது அந்தப் பூங்கா ஒன்றுதான். முச்சக்கரவண்டியில் ஐந்து நிமிடம்.

பின்னேரம் நான்கரைக்குப் போய் இறங்குவோம். வாயிலிலிருந்து மாரை மரத்தின் கீழ் இருந்த வாங்குவரை அவளுடைய நடையில் நூற்று நாற்பது அடி. அங்கே உட்காருவாள். மூச்சு ஒழுங்குக்கு வந்ததும் சுற்றுப்பாதையில் ஒரு தரம் நடந்து வந்து, மறுபடி உட்காருவாள். குரங்குகள் குப்பைத்தொட்டியைக் கவிழ்ப்பதையும், பள்ளிவிட்ட பிள்ளைகள் அந்தக் கிழிந்த தகரத்தில் குதிப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கல்வெட்டுகளில் உள்ள எழுத்துப்பிழைகளை அவளுக்கு எடுத்துச் சொல்வேன். “போன கிழமையும் இதைத்தான் சொன்னீங்க” என்பாள். “போன கிழமை காட்டினது மற்றக் கல்லில்” என்பேன். இப்படித்தான் எங்கள் பின்னேரங்கள் போயின.

பூங்காவில் முதலில் ஐந்து வாங்குகள் இருந்தன; சீமெந்துக் கால், பலகை இருக்கை. சமையல் காஸ் கிடைக்காத மாதங்களில் நான்கின் பலகைகள் யார் யாருடைய அடுப்பிலோ சோறாக்கின. நான் குறைசொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலும் அந்த நாட்களில் பழைய கோழிக்கூட்டைத்தான் எரித்தோம். ஐந்தாவது வாங்கு தப்பியதற்குக் காரணம் பூங்காவைக் கூட்டும் பெண். ஐம்பது வயதைத் தாண்டியவர், தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர், எத்தனையோ வருடமாகத் தற்காலிகத் தொழிலாளி. வீட்டுக்குப் போகுமுன் தேசிக்காய் ஒன்றை இரண்டாக வெட்டி, குங்குமம் தடவி, வாங்கின் இரு முனையிலும் வைத்துவிட்டுப் போவாராம். சூனியம் என்று நினைத்து எந்தச் சமயத்தைச் சேர்ந்தவரும் கிட்ட வரவில்லை. சபையின் காவலாளி செய்யாததை அரைத் தேசிக்காய் செய்தது.

அந்த வாங்கின் நடுப்பலகைதான் ஒரு மழைக்காலத்தின் முடிவில் உக்கி முறிந்தது. மனைவி முனையில் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டாள். துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டு அந்தப் பெண் வந்து பார்த்தார்.

“ஐயா, வீட்டுல நல்ல பலாப் பலகை ஒன்னு கெடக்கு. நாளைக்குக் கொண்டாந்து நாலு ஆணி அடிச்சா முடிஞ்சிரும்.”

“இது சபையின் உடைமை. உங்க பலகையை இதில அடிக்க ஏலாது. நாளைக்கு யாராவது விழுந்தா யார் பதில் சொல்றது?”

“விழாத மாதிரி அடிப்பேங்க.”

மனைவி சிரித்துவிட்டாள். “அடிக்கட்டுமே. ஒரு பலகைதானே.”

“எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு.”

“முறை எவ்வளவு நேரம் வேணுன்னாலும் நிக்கும். எனக்குத்தான் நிக்க ஏலாது.”

நான் கேட்கவில்லை. அன்றிரவே கடிதம் எழுதினேன். நான்கு பந்திகள். வாங்கின் காலில் மங்கிப்போயிருந்த பொருட்பதிவேட்டு இலக்கம், முறிவின் அளவு, இரண்டு புகைப்படங்கள். இருதய நோயாளியான என் மனைவி அதைத் தினமும் பாவிப்பதையும் குறிப்பிட்டேன். பிரதிகள் நான்கு பேருக்கு. கடைசிப் பந்தியில், காரியம் விரைவாக நடக்க வேண்டுமென்று, “தற்போதைய நிலையில் இது பாவிப்போருக்கு ஆபத்தானது” என்று ஒரு வசனம் சேர்த்தேன். பணியில் இருந்த காலத்தில்கூட அவ்வளவு நல்ல கடிதம் எழுதியதில்லை.

அதற்குப் பலனும் கிடைத்தது. ஆறு வாரத்தில் உழவு இயந்திரம் ஒன்று வந்து வாங்கின் பலகைகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

நாங்கள் போனபோது மண்ணில் புதைந்த இரண்டு சீமெந்துக் கால்கள் மட்டும் நின்றன. கூட்டும் பெண் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “மறிச்சேங்க. ஆபத்துனு கடிதம் வந்திருக்குனாங்க. யாரு எழுதுனதுனு கேட்டேன். ஐயா பேரச் சொன்னாங்க.”

நடந்தது எனக்கு உடனே விளங்கியது. வருடாந்தப் பொருள் கணக்கெடுப்புப் படிவத்தில் மூன்று கூடுகள் உண்டு: பாவிக்கலாம், திருத்தலாம், பாவனைக்கு உதவாது. திருத்தலாம் என்று போட்டால் வேலைத்தளத்துத் தச்சரின் அத்தாட்சி வேண்டும். தச்சர் ஓய்வுபெற்றுப் போனபின் அந்த இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. ஆபத்து என்று எழுத்தில் வந்த பிறகு, பாவிக்கலாம் என்று போட எந்த இலிகிதருக்கும் துணிவு வராது. மிஞ்சியது மூன்றாவது கூடு. மூன்றாவது கூட்டில் அடையாளம் விழுந்தால் பதினான்கு நாளுக்குள் பொருளை அந்த இடத்திலிருந்து அகற்றிவிட வேண்டும். கழித்த கதிரை ஒன்றில் யாரோ உட்கார்ந்து விழுந்ததன் பின்னர் வந்த விதி அது. வரைந்தவன் நான். மாற்றுப் பொருள் எப்போது வரவேண்டும் என்று அதில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். அப்போது அது தோன்றவில்லை.

மனைவி மாரை மரத்தடிக்குப் போனாள். மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு அடங்கும்வரை நின்றாள். திரும்பும்போது பாதிவழியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி நின்றாள். முச்சக்கரவண்டியில் ஏறியதும், “இனி வேணாங்க” என்றாள். அதன்பிறகு விறாந்தையில் சுவரைப் பிடித்தபடி முன்னும் பின்னும் நடப்பதோடு சரி.

நான் புதிய வாங்கு கேட்டு விண்ணப்பித்து, கோவை என்று நாங்கள் சொல்லும் அந்தக் கோப்பைத் துரத்தத் தொடங்கினேன். புதன்கிழமை சபையில் பொதுமக்களைச் சந்திக்கும் தினம். ஒவ்வொரு புதனும் மதியச் சாப்பாடு முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டு, நான் ஒரு காலத்தில் வாங்கிப்போட்ட கதிரைகளில் வரிசையாக உட்கார்ந்து காத்திருப்பேன். பூங்கா விடயத்துக்குப் பொறுப்பான இலிகிதர் ஒரு சிங்கள இளம்பெண். மரியாதையானவள். என்னைக் கண்டதும் எழுந்து நிற்பாள். “சேர், லபன சத்தியே எண்டகோ” என்பாள், அடுத்த கிழமை வாருங்கள் என்று. கோபிக்க முடியவில்லை. அதே சொற்களை அதே மேசையிலிருந்து எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன்! கோவை மதிப்பீட்டுக்குப் போனது. மதிப்பீட்டிலிருந்து கணக்குப் பகுதிக்குப் போனது. அங்கிருந்து, அடையாள இலக்கம் கழிக்கப்பட்ட பொருளுக்கு எப்படிப் புதிதாகக் கேட்கலாம் என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. கேள்வி சரியானது. பதிலை நானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

இருட்டுமுன் வீடு திரும்புவேன். புதன்கிழமைகளில் மனைவியின் முகம் தெளிவாக இருக்கும். “என்ன சொன்னாங்க?” என்று கேட்டு, நான் கோவையின் பயணத்தை விவரிக்க விவரிக்கச் சிரிப்பாள். ஒருநாள் அவள் தோளில் மாரை மரத்துச் சிற்றிலை ஒன்று ஒட்டியிருந்தது. காற்றில் வந்ததாக்கும் என்று தட்டிவிட்டேன். சலித்துப்போய், “இனிப் போகப்போறதில்ல” என்று ஒருதரம் சொன்னபோது அவள் பதறிவிட்டாள்.

“விடாதீங்க. அடுத்த புதனும் போங்க. நீங்க போகாட்டி யாரு போறது?”

அவளுக்கு அந்த வாங்கின்மேல் அவ்வளவு ஆசை என்று எண்ணிக்கொண்டேன். இன்னும் உறுதியாகப் போனேன்.

எட்டாவது மாதம், ஒரு விடியற்காலையில், தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். எழும்பவில்லை. வைத்தியர், தூக்கத்திலேயே என்றார். கோயிலில் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம், புதன்கிழமை, பழக்கத்தில் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சபைக்குப் போக மனம் வரவில்லை. பூங்காவுக்குப் போனேன்.

இரண்டு சீமெந்துக் கால்களின்மேல் ஒரு பலாப் பலகை கிடந்தது. இரு முனையிலும் குங்குமம் தடவிய அரைத் தேசிக்காய்.

கூட்டும் பெண் ஓடிவந்து தேசிக்காய்களை எடுத்துச் சேலையில் முடிந்துகொண்டார். “ஐயா, இத எங்கயும் எழுதிப் போட்றாதீங்க. எனக்கு வேலை போயிரும்.”

“யாருக்குப் போட்டது இது?”

அவர் துடைப்பத்தைக் கீழே வைத்தார். “அம்மாவுக்குத்தான். வாங்கு போன மறுகிழம தனியா வந்து நின்னாங்க. மனசு கேக்கல. பலகையக் கொண்டாந்து போட்டேன். அப்புறம் புதன்கெழம தவறாம வருவாங்க. நீங்க ஆபீசுக்குப் போன பொறகு வந்து, நீங்க வாறதுக்கு முந்திப் போயிருவாங்க.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“அம்மா வேணாம்னுட்டாங்க. ‘சொன்னா இந்தப் பலகைக்கும் ஒரு கடிதம் எழுதுவாரு, நீ வேலைய விட்டுட்டு நிக்கணும்’னாங்க.” சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “இருந்துகிட்டு உங்களப் பத்தித்தான் பேசுவாங்க. ‘இந்நேரம் ஐயா எந்தக் கதிரையில உட்கார்ந்திருக்காரோ’னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. கடைசியா வந்தன்னைக்குக் கேட்டாங்க, ‘அவரையும் ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வரட்டுமா, ஏசுவாரா?’னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பயமா இருக்குங்கம்மானு சொன்னேன்.”

நான் பலகையில் உட்கார்ந்தேன். நான் வேறொரு கட்டடத்தில் இருந்து காத்திருந்த அத்தனை புதன்கிழமைகளும் அவள் இங்கே இருந்திருக்கிறாள். அந்தப் பெண் அப்பால் போய் ஏற்கெனவே கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் சபையிலிருந்து கடிதம் வந்தது. புதிய வாங்கு அமைப்பது தொடர்பாகத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரும் புதன்கிழமை அந்த இடத்தைப் பார்வையிடுவார், விண்ணப்பதாரரும் சமுகமளிக்கவும். நேரத்துக்கு அரைமணி முந்திப் போய், பலகையின் ஒரு முனையை நானும் மறுமுனையைக் கூட்டும் பெண்ணுமாகத் தூக்கிச்சென்று, நீரூற்றுத் தொட்டிக்குப் பின்னால் புதருக்குள் வைத்தோம். முப்பது வருடச் சேவையில் நான் சபையிடமிருந்து மறைத்த முதற்பொருள் அது. என் முனையை அவசரமாக இறக்கினேன். “மெதுவாங்கய்யா, வெரலு நசுங்கிரும்” என்றார்.

உத்தியோகத்தர் திகனவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் முஸ்லிம் இளைஞர், நல்ல பிள்ளை; அவர் பேச்சில் ‘இருக்கு’ என்பது ‘ஈக்கு’. கால்களுக்கு இடையே அளந்தார், படம் எடுத்தார், படிவத்தைத் திறந்தார்.

“சேர், இங்க இப்ப ஒக்கார ஏதும் ஈக்கா?”

“இல்லை.”

“யாரு பாவிக்கிறண்டு ஒரு கூடு ஈக்குது. அத நெரப்போணும். ஒங்கட கடிதத்துல மிஸிஸ்ஸுக்கு இருதய நோய்ண்டு போட்டீக்கிறீங்க.” நிமிர்ந்து பார்த்தார். “அவங்க இன்னமும் வாறாங்களா?”

முறை எனக்குத் தெரியும். கோரிக்கைக்கான காரணம் அற்றுப்போனால் விண்ணப்பதாரர் அதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். கோவை அத்தோடு மூடப்படும். தொட்டிப் பக்கம் துடைப்பச் சத்தம் நின்றுவிட்டது.

“புதன்கிழமைகளில்” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். எழுதியதைத் திருப்பி என்னிடம் நீட்டி, கையொப்பம் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். வைத்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கியதும் நாங்கள் இருவரும் புதரடிக்குப் போனோம்.