லென்னின் பன்னிரண்டாவது கழகம்

செவ்வாய்க்கிழமை காலை வாசலில் குவிந்திருந்த பனியை வழித்துக்கொண்டிருந்தேன். விட்பியில் இருந்து ரொறன்ரோவுக்கு வேலைக்குப் போகிறவனுக்குக் காலை நேரம் ஒருநாளும் போதுமானதாக இருப்பதில்லை. மனைவி கதவைத் திறந்து தொலைபேசியை நீட்டினாள். யேசுதாசன். எங்கள் உதைபந்தாட்ட அணியின் கோல் காப்பாளர். காலை வேளையில் அவன் அழைப்பதில்லை.

"அண்ணை, லென் போயிட்டார்."

"ஆரும் பக்கத்தில இருந்தவையே?"

"நான் இருந்தனான்."

அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

லென் ஹெப்வேத்தின் கீழ் ஆடியவர்களுக்காகவும், ஸ்காபரோ மைதானத்தில் கயிற்றுக்கு வெளியே நின்று எங்களைப் பார்த்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பின்னாளில் சேர்ந்தவர்களுக்கு அவர், தேநீர்க் குடுவையோடு வந்து ஓரமாக நிற்கும் ஒரு வயதான வெள்ளைக்காரர் மட்டுமே. அவர் யார் என்பதை அவர்களுக்கு நாங்கள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில் எனக்கும் பங்கு உண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வெக்ஸ்போர்ட் பக்கம் இருந்த ஒரு மட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எங்கள் தமிழ் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்தோம். மதிய இடைவேளையில் பின்பக்கத்து லொறி நிறுத்துமிடத்தில் பந்து உதைப்போம். அங்கே பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டியவர் லென். ஐம்பது வயது, கொஞ்சம் சாய்ந்த நடை, பெரிய காதுகள். இரண்டு கிழமையாகச் சுவரில் சாய்ந்து சாண்ட்விச் சாப்பிட்டபடி எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் பந்து அவரிடம் உருண்டு போனது. வேலைச் சப்பாத்தோடு, வலது காலைப் பாதிதான் அசைத்தார். பந்து இருபத்தைந்து மீற்றர் பறந்து யேசுதாசனின் நெஞ்சில் வந்து விழுந்தது. யேசு கையைக்கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

"உவர் ஆர்?" என்று யேசு என்னிடம் கேட்டான். எனக்கும் தெரியாது. அடுத்த கோடையில் நாங்கள் ஒரு கழகமாகப் பதிந்து போட்டிகளில் இறங்கியபோது அவர்தான் எங்கள் முகாமையாளர். கோச் என்றுதான் கூப்பிட்டோம்.

தன் கதையை அவர் ஒரேயடியாகச் சொன்னதில்லை. வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது துண்டு துண்டாகச் சொல்வார். இங்கிலாந்தின் வடக்கே சுரங்கத் தொழிலாளிகளின் ஊர் ஒன்றில் பிறந்தவர். பதினேழு வயதில் இருந்து பதினொரு கழகங்களுக்கு கோலடிக்கும் சென்ரர் போவேர்ட்டாக ஆடினார். எல்லாம் மூன்றாம், நான்காம் பிரிவுக் கழகங்கள். எந்த ஊரிலும் இரண்டு பருவங்களுக்குமேல் வைத்திருக்கவில்லை. கழகங்களின் பெயர்களைவிட அந்தந்த ஊரில் தனக்கு அறை தந்த வீட்டுக்காரிகளின் பெயர்கள்தான் அவருக்கு நன்றாக நினைவில் இருந்தன. யார் இறைச்சியைக் கருக்கினாள், யார் தோல்விக்குப் பிறகு ஒன்றும் கேட்காமல் சாப்பாடு வைத்தாள் என்று சொல்வார். அவர் ஆங்கிலத்தில் சொன்னவற்றை இங்கே எங்கள் பேச்சில் எழுதுகிறேன். என் நினைவில் அவை அப்படித்தான் இருக்கின்றன.

ஒருமுறை அவருடைய சிறிய கழகம் ஒரு கிண்ணப் போட்டியில் முன்னேறி, நாட்டின் மிகப் பெரிய அணிகளில் ஒன்றைச் சந்திக்க இருந்தது. அதற்கு முந்தைய ஆட்டத்தின் வெற்றிக் கோலை அடித்தவர் லென். அவருடைய தகப்பனார் அந்தப் பெரிய ஆட்டத்தைப் பார்க்க அயலவர்களையும் கூட்டிக்கொண்டு ரயிலில் வந்திருந்தார். உடைமாற்றும் அறைச் சுவரில் ஒட்டியிருந்த ஆட்டக்காரர் பெயர்த் தாளைப் பார்த்துத்தான் தன் பெயர் இல்லை என்பது லென்னுக்குத் தெரிந்தது. முகாமையாளர் அவரைக் கடந்து போனார், முகத்தைப் பார்க்கவில்லை.

"பிறகு என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"கோட்டைப் போட்டுக்கொண்டு மேல போய் அப்பாவுக்குப் பக்கத்தில இருந்தன். அவர் ஒண்டும் கேக்கேல்லை. தன்ர தொப்பியை எடுத்து மடியில வைச்சார். அவ்வளவுதான்."

அதனால்தான் எங்கள் கழகத்தில் எவருடைய பெயரும் சுவரில் ஒட்டப்படவில்லை. ஒருவனை ஆட்டத்தில் இருந்து நிறுத்துவதென்றால் லென் அவன் வீட்டுக்கே போவார். ஒரு சனிக்கிழமை முற்பகல் என் வீட்டுக்கு வந்தார். அடுத்தநாள் அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டம். பன்னிரண்டாவது மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்கக் கதவில் நின்றார்.

"நாளைக்கு உம்மை இறக்கேல்லை," என்றார், உட்காருவதற்கு முன்பே. "உம்மட முழங்கால் சரியில்லை. நீர் மறைக்கிறீர். எனக்குத் தெரியும்."

மனைவி தேநீரும் பொரித்த ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தாள். நான் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரியாதை கெட்ட செயல். அவர் ஒரு மணித்தியாலம் அங்கேயே இருந்தார்.

"கோபம் இருந்தால் இப்ப பேசும். அதுக்குத்தான் வந்தனான்."

"எனக்கு ஒரு கோபமும் இல்லை, கோச்."

"அப்ப நான் இன்னும் கொஞ்சம் இருக்கிறன்," என்று இன்னொரு ரோல்ஸை எடுத்தார். நான் கடைசிவரை தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் படியிறங்கிப் போனார். மறுநாள் ஒரு கோலால் தோற்றோம். நான் ஆடியிருந்தால் வென்றிருப்போம் என்று பல மாதங்கள் பலரிடம் சொல்லித் திரிந்தேன். என் முழங்காலுக்கு அந்தக் குளிர்காலமே சத்திரசிகிச்சை நடந்தது.

யேசுதாசனின் தம்பி மன்னாரில் ஷெல்லடியில் இறந்த செய்தி வந்தபோது, அவன் வீட்டில் இருக்கமாட்டாமல் பயிற்சிக்கு வந்துவிட்டான். லென் பந்துகளை எங்களிடம் விட்டுவிட்டு அவனோடு மைதானத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். ஒன்றரை மணித்தியாலம். என்ன பேசினீர்கள் என்று யேசுவிடம் பிறகு கேட்டேன். "ஒண்டும் பேசேல்லை அண்ணை. நான் நிண்டால் அவரும் நிண்டார்," என்றான். களைத்தவனைப் பார்த்துக் கத்தக் கூடாது, அவன் களைத்தது அவனுக்கே தெரியும் என்று லென் சொல்வார். துக்கப்பட்டவனிடமும் அவர் அப்படித்தான் இருந்தார்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டால் இந்த அஞ்சலி பொய்.

நான்கு கோடைகளுக்குப் பிறகு கழகம் பெரிதாகிவிட்டது. தலைவர், பொருளாளர், நிர்வாகக் குழு என்று வந்தது. நான் செயலாளர். ஊரில் பெயரெடுத்த ஆட்டக்காரர் ஒருவர் அப்போது கனடா வந்திருந்தார். நல்ல மனிதர், அவர்மேல் எந்தப் பிழையும் இல்லை. "எங்கட கழகத்துக்கு எங்கட ஆள்தான் வேணும். ஒரு வெள்ளைக்காரனை முன்னால விட்டுட்டு நிண்டால் எங்களுக்கு என்ன மதிப்பு?" என்று தலைவர் கேட்டார். ஏழு பேர் இருந்த கூட்டம். லென்னை நீக்கி அவரை முகாமையாளராக்குவதற்குக் கைகளை உயர்த்தச் சொன்னார்கள். மூன்று கைகள் உயர்ந்தன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்காவது கை என்னுடையது.

ஏன் உயர்த்தினேன்? கழகத்தின் நன்மைக்கு என்று அப்போது சொன்னேன். அந்தச் சனிக்கிழமையின் கோபம் எனக்குள் இருந்தது. வேறு காரணம் இல்லை.

செய்தியைச் சொல்லவேண்டியவன் செயலாளர். நான் அப்போது தொழிற்சாலையை விட்டு வேறு வேலைக்குப் போயிருந்தேன். அவருடைய வீடு பஸ்ஸில் இருபது நிமிடம். நான் போகவில்லை. தொலைபேசியும் எடுக்கவில்லை. கழகத்தின் தலைப்பிட்ட தாளில், தங்கள் சேவையை நாம் என்றும் மறவோம் என்று தட்டச்சு செய்து தபாலில் போட்டேன். தாளை ஒட்டிவிட்டு முகம் பாராமல் போன அந்த மனிதனின் கதையை அவர் வாயால் கேட்டவன் நான்.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு லென் வந்தார். கயிற்றுக்கு வெளியே, மற்றவர்களோடு நின்று கைதட்டினார். இடைவேளையில் அவர் என் பக்கம் வருவதைக் கண்டு தண்ணீர்ப் பெட்டியைத் தேடுகிறவன்போல் குனிந்தேன்.

"கடிதம் கிடைச்சது," என்றார். "மனிசி சுகமே?"

சுகம் என்றேன். அவர் தன் இடத்துக்குத் திரும்பினார். அதற்குப் பிறகும் ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. நாங்கள் கோல் அடித்தால் அவருடைய கைதட்டல் தனியாகக் கேட்கும். ஒவ்வொரு முறையும் இன்றைக்குப் பேசிவிட வேண்டும் என்று நினைப்பேன். மூன்று கோடைகள் அப்படியே போயின.

போன ஒக்ரோபரில் யேசு சொல்லித்தான் அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று அறிந்தேன். ஆஸ்பத்திரிக்கு இருவரும் போனோம். அறை வாசலில் யேசுவை நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். லென் பாதியாகியிருந்தார். காதுகள் இன்னும் பெரிதாகத் தெரிந்தன.

"கோச், அந்தக் கூட்டத்தில நானும் கை உயர்த்தினனான். என்ர கை இல்லாட்டில் நீங்கள் இருந்திருப்பியள். நான் நேர வந்து சொல்லியிருக்கோணும். பயத்தில கடிதம் போட்டனான்."

அவர் கண்களை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு தமிழில், ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்வதுபோல, எங்கள் உச்சரிப்பிலேயே, "ஓம்" என்றார். கொஞ்சம் மூச்செடுத்துவிட்டு ஆங்கிலத்தில் தொடர்ந்தார்.

"வந்திருக்கோணும். நான் அண்டைக்கு முழுக்க யன்னலடியில இருந்தனான். கூட்டம் நடந்ததெண்டு தெரியும். நீர் வருவீர் எண்டு நினைச்சன்."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் கையால் கட்டிலருகே இருந்த கதிரையைக் காட்டினார்.

"இரும். யேசுவையும் கூப்பிடும். ஏன் அவனை வெளியில விட்டனீர்?"

அன்று பின்னேரம் முழுவதும் இருந்தோம். அவர் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. அதன் பிறகு ஞாயிறுகளில் போனேன், ஆறு ஞாயிறுகள்தான் கிடைத்தன.

வெள்ளிக்கிழமை அவரை அடக்கம் செய்தோம். இங்கிலாந்தில் இருந்து எவரும் வரமுடியவில்லை. பெட்டியை நாங்கள் எட்டுப் பேர் தூக்கினோம். பத்திரங்களை நிரப்பியவர் இறந்தவரின் தொழில் என்ன என்று கேட்டார். போர்க்லிப்ட் என்று நான் சொல்லத் தொடங்கினேன். யேசு என்னை மறித்து, "கோச் எண்டு எழுதச் சொல்லுங்கோ அண்ணை," என்றான். அப்படியே எழுதினார்கள்.

அவருடைய தேநீர்க் குடுவையை யேசு வைத்திருக்கிறான். என்னிடம் பொருள் என்று ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் அவர் சொன்ன அந்த "ஓம்" இருக்கிறது. பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லி என்னைச் சுலபமாக வெளியே அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. நான் செய்தது பிழைதான் என்று என் முகத்துக்கு நேரே சொல்லி, அதன் பிறகும் என்னைத் தன் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.